பழைய கணினியும் இலகுரக இயங்குதளமும்

குறைந்த நினைவகம், வேகம் குறைந்த நுண்செயலி, சிறிய வன்தட்டு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணினியை முழுமையாக இயக்கவல்ல அடிப்படை மென்பொருளே இலகுரக இயங்குதளம். புதிய கணினியிலும் அதை நிறுவலாம். ஆனால் அதன் வரலாறு பெரும்பாலும் பழைய கணினிகளோடு பின்னிக் கிடக்கிறது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட கணினியின் மின்சுற்றுகள் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூடப் பழுதின்றி உழைக்கும். அதற்குள் மென்பொருள் மூன்று, நான்கு தலைமுறைகள் மாறிவிடும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிட அதிக நினைவகம் கேட்கும். பாகங்கள் நன்றாக இருக்கும்போதே கணினி பழையதாகிவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கு அறிவித்த குறைந்தபட்சத் தேவைகளை வரிசைப்படுத்தினால் இந்த வளர்ச்சி தெளிவாகும். 1995இல் வந்த விண்டோஸ் 95, இன்டெல் 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் கேட்டது. 1998இல் வந்த விண்டோஸ் 98, 486 செயலியும் 16 மெகாபைட்டும் கேட்டது. 2001இல் எக்ஸ்பிக்கு 64 மெகாபைட் வேண்டியிருந்தது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவுக்கு 512 மெகாபைட் வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் தேவை 128 மடங்கு உயர்ந்தது. இவை அடிமட்ட அளவுகள்தாம். சிக்கலின்றி வேலை செய்ய நடைமுறையில் இதைப்போல இரு மடங்காவது வேண்டும்.

இந்தப் போக்கை முதலில் கண்டித்தவர்களில் பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் முக்கியமானவர். 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் இலகுவான மென்பொருளுக்காக வாதாடினார். வன்பொருளின் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருளின் மந்தம் கூடுகிறது என்ற கருத்து அன்றுமுதல் விர்த் விதி என்று வழங்கப்படுகிறது. ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யுர்க் குட்னெக்டுடன் சேர்ந்து அவர் கட்டிய ஓபரான் இயங்குதளம் அந்த வாதத்துக்குச் சான்றாக நின்றது. மிகச் சிறிய குழு, மிகச் சிறிய நிரலைக்கொண்டு, அன்றாட வேலைக்குப் போதுமான ஓர் அமைப்பை உருவாக்கிக் காட்டியது.

எளிய எந்திரத்தில் பிறந்த யூனிக்ஸ்

இன்று பழைய கணினிகளுக்குக் கைகொடுக்கும் இயங்குதளங்களில் பெரும்பாலானவை யூனிக்ஸ் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபின் தொடக்கமே ஒரு பழைய எந்திரத்தில்தான் நிகழ்ந்தது. மல்டிக்ஸ் என்ற பெரும் இயங்குதளத் திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வகம் விலகியது. அங்கு பணியாற்றிய கென் தாம்சனுக்குப் புதிய கணினி கிடைக்கவில்லை. அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறு கணினியில் அவர் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். அந்த எந்திரத்தின் நினைவகம் 18 பிட் நீளமுள்ள சுமார் 8,000 சொற்கள் மட்டுமே கொண்டது. ஒரே ஒரு வேலையைச் செவ்வையாகச் செய்யும் சிறு நிரல்களை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய வேலைகளை முடிக்கும் யூனிக்ஸ் வழிமுறைக்கு இத்தகைய இடநெருக்கடியும் ஒரு காரணம்.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 386 கணினிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸிலும் இதே நெருக்கடி பங்கு வகித்தது. அவருடைய கணினியில் 4 மெகாபைட் நினைவகம் இருந்தது. தொடக்ககாலப் பயனர்களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவரிடம் 2 மெகாபைட் மட்டுமே இருந்ததால் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலை அவரால் தம் கணினியிலேயே தொகுக்க முடியவில்லை. அந்தக் குறையைப் போக்க, நினைவகத்தில் இடம் போதாதபோது அதன் பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றிவைக்கும் வசதியை டோர்வால்ட்ஸ் 1991 இறுதியில் எழுதிச் சேர்த்தார். சிறிய கணினி வைத்திருந்தவரின் தேவையால் வந்த இந்த வசதி, லினக்ஸைப் போட்டி இயங்குதளங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது.

டாஸ் மரபு வேறு வழியில் காப்பாற்றப்பட்டது. எம்எஸ்-டாஸைத் தனி விற்பனைப் பொருளாக மைக்ரோசாஃப்ட் கைவிடப்போவது தெரிந்ததும், அமெரிக்க மாணவர் ஜிம் ஹால் 1994 ஜூனில் அதற்கு மாற்றாக ஒரு கட்டற்ற டாஸை எழுதும் திட்டத்தை அறிவித்தார். ஃப்ரீடாஸ் எனப் பெயர் பெற்ற அது 2006இல் 1.0 பதிப்பை எட்டியது. 8086 முதலான மிகப் பழைய கணினிகளிலும், பழைய தொழிற்சாலை எந்திரங்களை இயக்கும் கணினிகளிலும் இன்றும் பயன்படுகிறது.

ஒரே ஃபிளாப்பிக்குள்

1990களில் கணினியை இயக்கித் தொடங்க எல்லோரிடமும் இருந்த சாதனம் 3.5 அங்குல ஃபிளாப்பி. அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட். முதல் தலைமுறை இலகுரக இயங்குதளங்களின் எல்லையை இந்த எண்ணே வகுத்தது.

டெபியன் லினக்ஸின் நிறுவல் வட்டையும் மீட்பு வட்டையும் ஒரே ஃபிளாப்பியில் அடக்க வேண்டிய தேவை 1995 வாக்கில் எழுந்தது. அதற்காக புரூஸ் பெரன்ஸ் பிஸிபாக்ஸ் என்ற மென்பொருளை எழுதினார். கோப்புகளைப் பட்டியலிட, நகலெடுக்க, தேட என்று யூனிக்ஸில் தனித்தனி நிரல்கள் உண்டு. ஒவ்வொன்றும் பொதுவான சில பகுதிகளைத் தனக்குள் மீண்டும் மீண்டும் சுமக்கும். பிஸிபாக்ஸ் அவை அனைத்தையும் ஒரே நிரலாக இணைத்தது. எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்தக் கட்டளையாக அது செயல்படும். இந்த ஒரு உத்தி, பின்னாளில் வந்த சிறு லினக்ஸ்கள் பலவற்றுக்கும் அடித்தளமானது. வீட்டு ரவுட்டர்கள் முதல் தொலைக்காட்சிப் பெட்டிகள் வரை எண்ணற்ற கருவிகளுக்குள் பிஸிபாக்ஸ் இன்றும் இருக்கிறது.

டாம் ஓசர் உருவாக்கிய டாம்ஸ்ஆர்டிபிடி, ஃபிளாப்பியை வழக்கத்தைவிட அதிகக் கொள்ளளவுக்கு வடிவமைத்து, அதில் 1.722 மெகாபைட் இடம் பெற்றது. பழுதான கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்போர் அந்த ஒற்றை ஃபிளாப்பியைக் கையோடு வைத்திருந்தனர். இத்தாலியில் உருவான மியூலினக்ஸ், தேவைக்கேற்ப அடுத்தடுத்த ஃபிளாப்பிகளைச் சேர்த்து வரைகலைத் திரைவரை செல்ல வழிவகுத்தது. லினக்ஸ் ரவுட்டர் திட்டம், ஃப்ரெஸ்கோ போன்றவை அலுவலகம் ஒதுக்கிவைத்த 386, 486 கணினிகளை இணைய ரவுட்டர்களாக மாற்றின. வன்தட்டே தேவைப்படவில்லை. ஃபிளாப்பியிலிருந்து நினைவகத்துக்கு ஏறியதும் மாதக்கணக்கில் அணையாமல் இயங்கின. அன்று தனி ரவுட்டரின் விலை அதிகம் என்பதால், பழைய கணினிக்குக் கிடைத்த முதல் பெரிய மறுவாழ்வு இதுவாகவே அமைந்தது.

முனையமாக மாறிய கணினி

கணிப்பு வேலையை வேறிடத்துக்கு மாற்றிவிடுவது மற்றொரு தீர்வு. ஜிம் மெக்குவிலன் 1999இல் தொடங்கிய லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம் இந்த வழியைப் பரப்பியது. ஓர் அறையில் வலுவான கணினி ஒன்று வழங்கியாக இருக்கும். சுற்றிலும் உள்ள பழைய கணினிகள் வலைப்பின்னல் வழியே தம் இயங்குதளத்தைப் பெற்றுக்கொண்டு, திரையையும் விசைப்பலகையையும் மட்டும் கவனிக்கும். எழுதுவது, வரைவது, உலாவுவது எல்லாம் வழங்கியில் நடக்கும். நிரலை ஓர் எந்திரத்தில் ஓட்டி, அதன் சாளரத்தை இன்னோர் எந்திரத்தில் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பின் பழைய இயல்பு இதற்கு உதவியது. பல நாடுகளின் பள்ளிகள், நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளைக்கொண்டு இவ்வாறே ஆய்வகங்களை அமைத்தன. ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டியதில்லை என்பது ஆசிரியர்களுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை.

குறுவட்டுக் காலம்

குறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கான எல் டொரிடோ என்ற தரமுறை 1995இல் வகுக்கப்பட்டது. அதன்பின் வந்த கணினிகளில் எல்லை 1.44 மெகாபைட்டிலிருந்து ஒரேயடியாக 700 மெகாபைட்டுக்கு உயர்ந்தது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஏறத்தாழ 2 ஜிகாபைட் அளவிலான மென்பொருள்களைச் சுருக்கி ஒரே குறுவட்டில் அடக்கியது. வன்தட்டைத் தொடாமலே முழு லினக்ஸையும் இயக்கிப் பார்க்கும் நேரடி வட்டு முறை அதன் வழியாகப் பரவலானது. கணினியின் பாகங்களைத் தானே கண்டறியும் அதன் திறன் பின்னர் வந்த பல வழங்கல்களுக்கு, அதாவது தொகுத்து வழங்கப்படும் லினக்ஸ் வகைகளுக்கு, முன்மாதிரியானது. ஆனால் நாப்பிக்ஸ் பழைய கணினிகளுக்குப் பெரியது.

அந்த இடைவெளியை ஜான் ஆண்ட்ரூஸின் டேம் ஸ்மால் லினக்ஸ் நிரப்பியது. 50 மெகாபைட்டுக்குள் அன்றாடப் பயன்பாட்டுக்குரிய எத்தனை மென்பொருள்களை வைக்க முடியும் என்ற சோதனையாக அது தொடங்கியது. விசிட்டிங் கார்டு அளவிலான சிறு குறுவட்டில் பிடிக்கும் அளவு அது. நாப்பிக்ஸிலிருந்து பிறந்து, ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்ற சிறு சாளர மேலாளரோடு வந்த அந்த வழங்கல் 486 செயலியும் 16 மெகாபைட் நினைவகமும் கொண்ட கணினியிலும் இயங்கியது. 50 மெகாபைட் எல்லையை ஆண்டுக்கணக்கில் மீறாமல் காத்தது அதன் சிறப்பு. ஒரு மென்பொருளைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை எடுக்க வேண்டும். எது இன்றியமையாதது என்ற கேள்வியை ஒவ்வொரு பதிப்பிலும் கேட்டாக வேண்டும். 2024இல் அதே பெயரில் மீண்டும் வந்த வழங்கல் 700 மெகாபைட் குறுவட்டைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டது. இருபது ஆண்டுகளில் சிறியது என்பதன் பொருள் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இந்த இரு எண்களே அளவுகோல்.

ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003 ஜூனில் வெளியிட்ட பப்பி லினக்ஸ் வேறொரு பாதையைத் தேர்ந்தது. சுருக்கப்பட்ட கோப்பு ஒன்றில் உள்ள முழு இயங்குதளமும் தொடக்கத்திலேயே நினைவகத்துக்கு ஏறிவிடும். பிறகு வட்டைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. பழைய கணினிகளில் பெரும்பாலும் மந்தமாக இருப்பது வன்தட்டு என்பதால், எல்லாம் நினைவகத்திலேயே நடக்கும் இந்த ஏற்பாடு வியப்பூட்டும் வேகம் தந்தது. பயனர் செய்யும் மாற்றங்கள் தனிக் கோப்பு ஒன்றில் சேமிக்கப்படும். அந்தக் கோப்பைப் பழைய விண்டோஸ் வன்தட்டிலோ யுஎஸ்பி நினைவகத்திலோ வைத்துக்கொள்ளலாம். காலர் பின்னர் உருவாக்கிய வூஃப் என்ற கருவி, உபுண்டு, ஸ்லாக்வேர் போன்ற பெரிய வழங்கல்களின் தொகுப்புகளைக்கொண்டே புதிய பப்பிகளைக் கட்ட உதவியது. அதனால் பப்பி ஒரே இயங்குதளமாக இல்லாமல் ஒரு குடும்பமாகப் பெருகியது.

டேம் ஸ்மால் லினக்ஸில் பணியாற்றிப் பிரிந்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் 2008 இறுதியில் டைனி கோர் லினக்ஸைத் தொடங்கினார். அதன் தொடக்ககால வரைகலைப் பதிப்பே சுமார் 10 மெகாபைட்தான். அதில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. வேண்டிய மென்பொருளைப் பயனரே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைகலைத் திரையோடு இயங்க 46 மெகாபைட், கட்டளைத் திரைக்கு 28 மெகாபைட் நினைவகம் அதற்குப் போதுமானதாக இருந்தது. எதை விடலாம் என்று வழங்கலை உருவாக்குபவர் முடிவு செய்யும் முறையிலிருந்து, எதைச் சேர்க்கலாம் என்று பயனர் முடிவு செய்யும் முறைக்கு இலகுரக இயங்குதளம் இதன்வழி நகர்ந்தது.

திரையின் சுமை

இதே காலத்தில் பெரிய வழங்கல்களின் எடையை உயர்த்தியது பணிச்சூழல். 1996இல் கேடிஈ, 1997இல் க்னோம் ஆகிய திட்டங்கள் தொடங்கி, லினக்ஸுக்கு விண்டோஸுக்கு நிகரான முழுமையான திரையைத் தந்தன. கருநிரல் சில மெகாபைட்டில் இயங்கும்போது, அதன்மேல் அமர்ந்த இந்தப் பணிச்சூழல்கள் நூற்றுக்கணக்கான மெகாபைட் கேட்டன. 2011இல் வந்த க்னோம் 3 முப்பரிமாண வரைகலை முடுக்கத்தையும் எதிர்பார்த்தது. பழைய கணினிகளின் வரைகலைச் சில்லுகளால் அதைத் தர முடியவில்லை.

மாற்று ஏற்பாடுகள் ஏற்கெனவே இருந்தன. ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் போன்ற சாளர மேலாளர்கள் சாளரங்களை வரைவது, நகர்த்துவது, பட்டியல் காட்டுவது ஆகியவற்றோடு நின்றுகொண்டன. சில மெகாபைட் நினைவகமே அவற்றுக்குப் போதும். இவற்றுக்கும் முழுப் பணிச்சூழலுக்கும் இடைப்பட்ட இடத்தை, ஒலிவியர் ஃபூர்டான் 1996இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஈயும், தைவானின் ஹாங் ஜென் யீ 2006இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஈயும் பிடித்தன. எல்எக்ஸ்டிஈயைக் கொண்ட லுபுண்டு 2011இல் உபுண்டுவின் அதிகாரபூர்வக் கிளையாக ஏற்கப்பட்டது. பழைய கணினி வைத்திருந்த பலருக்கு முதல் லினக்ஸ் அதுதான்.

2007இல் வந்த இரு புதிய கணினிகள், இலகுரக மென்பொருள் பழைய கணினிக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை மாற்றின. வளரும் நாடுகளின் குழந்தைகளுக்காக உருவான ஓஎல்பிசி எக்ஸ்ஓ-1 மடிக்கணினியில் 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தன. ஆசுஸ் நிறுவனத்தின் ஈபிசி 512 மெகாபைட் நினைவகத்தோடும் 4 ஜிகாபைட் சேமிப்பகத்தோடும் வந்தது. இரண்டுமே லினக்ஸில் இயங்கின. 2012இல் வந்த ராஸ்பெரி பை தன் முதல் வடிவில் 256 மெகாபைட் நினைவகத்தைக் கொண்டிருந்தது. அதன் திரையாக எல்எக்ஸ்டிஈ தேர்ந்தெடுக்கப்பட்டது. விலை குறைந்த புதிய கருவிகளுக்காகச் செய்யப்பட்ட சீரமைப்புகள் பழைய கணினிகளுக்கும் பயன்பட்டன.

எடை குறையும் இடங்கள்

இந்த வழங்கல்கள் கையாளும் உத்திகளைச் சில வகைகளில் அடக்கலாம். முதலாவது, பின்னணிச் சேவைகளைக் குறைத்தல். அச்சுப்பொறி, புளூடூத், கோப்புத் தேடல் அட்டவணை போன்றவற்றுக்கான நிரல்கள் பயன்படுத்தப்படாதபோதும் நினைவகத்தில் தங்கியிருக்கும். கிரேக்கத்தில் தொடங்கிய ஆன்டிஎக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டும் சிஸ்டம்டி என்ற பெரிய தொடக்க மேலாளரைத் தவிர்க்கிறது. தேவையில்லாத சேவைகளை முடக்கியே பென்டியம் 3 காலத்துக் கணினிகளையும் பயன்படத்தக்க நிலையில் வைக்கிறது.

இரண்டாவது, பொது நூலகங்களைச் சிறிதாக்குதல். ஏறத்தாழ எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி மொழி நூலகத்துக்கு மசில் போன்ற சிறிய மாற்றுகள் உண்டு. ஆல்பைன் லினக்ஸ் மசிலையும் பிஸிபாக்ஸையும் இணைத்து ஒரு முழு வழங்கலை உருவாக்கியது.

மூன்றாவது, சுருக்குதல். ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பமைப்பு வட்டில் உள்ள இயங்குதளத்தைச் சுருக்கி வைத்து, தேவைப்படும் பகுதியை மட்டும் விரித்துத் தருகிறது. இது 2009இல் லினக்ஸின் மூலக் கருநிரலில் சேர்ந்தது. 2014இல் சேர்ந்த இசட்ரேம் நினைவகத்துக்குள்ளேயே ஒரு பகுதியைச் சுருக்கிய சேமிப்பிடமாக மாற்றுகிறது. மந்தமான வன்தட்டுக்குப் பக்கங்களை அனுப்புவதைவிட, அவற்றைச் சுருக்கி நினைவகத்திலேயே வைப்பது பல மடங்கு விரைவானது. 512 மெகாபைட் கொண்ட கணினிக்கு இந்த வசதி தெளிவான வேறுபாட்டைத் தரும்.

தமிழ் எழுத்தின் தேவை

ஆங்கிலத்துக்குப் போதுமான இலகுரகத் திரை தமிழுக்குப் போதாமல் போன காலமும் உண்டு. யூனிகோட் தமிழில் "கொ" என்ற எழுத்து ககர மெய்யின் உயிரேறிய குறியும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அதன் ஒரு பகுதி ககரத்துக்கு முன்னும் மற்றொரு பகுதி பின்னும் வர வேண்டும். இதைச் செய்ய எழுத்துருவோடு, எழுத்தமைப்பை வகுக்கும் தனி நிரலும் வேண்டும். விண்டோஸ் வரிசையில் தமிழ் யூனிகோடுக்கான ஆதரவு விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. விண்டோஸ் 98 கணினிகளில் தமிழைப் படிக்கத் திஸ்கி, டாப், டாம் போன்ற எட்டு பிட் குறியேற்றங்களும் அவற்றுக்கான எழுத்துருக்களுமே வழக்கில் இருந்தன.

லினக்ஸில் பாங்கோ, பின்னர் ஹார்ஃப்பஸ் ஆகிய நிரல் நூலகங்கள் இந்த எழுத்தமைப்பு வேலையைச் செய்கின்றன. பழைய எக்ஸ் எழுத்துரு முறையை மட்டும் நம்பிய மிகச் சிறிய மென்பொருள்கள் தமிழைக் கட்டங்களாகவோ குறிகள் இடம் மாறியோ காட்டின. எனவே தமிழ் படிக்கவும் எழுதவும் வேண்டிய பழைய கணினிக்கு, பாங்கோவைப் பயன்படுத்தும் ஜிடிகே கருவித்தொகுப்பில் அமைந்த எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்டிஈ போன்ற திரைகளே ஏற்றவையாக அமைந்தன. லோகித் போன்ற கட்டற்ற தமிழ் எழுத்துருக்களின் வரவு இந்தத் தேர்வை எளிதாக்கியது.

உயர்ந்துகொண்டே வந்த கீழெல்லை

இலகுரக வழங்கல்களின் எதிர்காலத்தை அவற்றின் ஆசிரியர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. கருநிரலும் பெரிய வழங்கல்களும் பழைய செயலிகளைக் கைவிடும்போது, அவற்றைச் சார்ந்த சிறியவையும் பின்தொடர வேண்டியிருக்கிறது. 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 கருநிரலோடு லினக்ஸ் தான் பிறந்த 386 செயலிக்கான ஆதரவை நீக்கியது. அந்தச் செயலிக்கென்று தனியாக வைத்திருந்த நிரல்பகுதிகள் புதிய மாற்றங்களுக்குத் தடையாக இருந்தன என்பது காரணம்.

4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுக உதவும் பிஏஇ வசதியை உபுண்டு 2012 அக்டோபரில் கட்டாயமாக்கியது. 2003இல் வந்த தொடக்ககால பென்டியம் எம் மடிக்கணினிகளில் அந்த வசதி இருந்தும், செயலி அதை வெளிப்படையாக அறிவிக்காததால் நிறுவல் நின்றுபோனது. தொடக்கக் கட்டளையில் ஃபோர்ஸ்பிஏஇ என்ற சொல்லைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்கும் என்று பின்னர் வழி காணப்பட்டது. 2017இல் டெபியன் 9, முதல் பென்டியம் வகைச் செயலிகளைக் கைவிட்டு, பென்டியம் புரோவோடு தொடங்கும் 686 வகையைக் குறைந்தபட்சமாக்கியது. அதே ஆண்டில் ஆர்ச் லினக்ஸும், 2019இல் ஃபெடோராவும் 32 பிட் கணினிகளை விட்டன. 2018இல் லுபுண்டு, பழைய கணினிகள் இனித் தன் முதன்மை இலக்கு அல்ல என்று அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிக்கான கருநிரலையும் நிறுவியையும் நிறுத்தியது. டெபியனைச் சார்ந்திருந்த பல இலகுரக வழங்கல்களுக்கு இது பெரிய திருப்பம்.

இயங்குதளத்தைவிடக் கடுமையான எல்லையை வகுத்தது இணைய உலாவி. 2000ஆம் ஆண்டு இறுதியில் பென்டியம் 4 செயலியோடு வந்த எஸ்எஸ்இ2 கட்டளைத் தொகுதியை 2014இல் குரோமும், 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஃபயர்பாக்ஸும் கட்டாயமாக்கின. பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி கணினிகள் எவ்வளவு இலகுவான இயங்குதளத்தில் இருந்தாலும் முதன்மை உலாவிகளின் புதிய பதிப்புகளை இழந்தன. 2016 மார்ச்சில் 32 பிட் லினக்ஸுக்கான குரோம் நின்றது. வலைப்பக்கங்களும் பருத்தன, 50 மெகாபைட் இயங்குதளத்தின்மேல் ஒரே ஒரு பக்கம் சில நூறு மெகாபைட் நினைவகத்தை விழுங்கும் நிலை வந்தது. டில்லோ, நெட்சர்ஃப் போன்ற சிறு உலாவிகள் எளிய பக்கங்களை வேகமாகக் காட்டும். வங்கிக் கணக்கு, காணொளி, அரசுச் சேவைத் தளம் போன்றவற்றுக்கு அவை போதா.

லினக்ஸுக்கு வெளியே

1993இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி, இயன்றவரை எல்லாக் கணினி வகைகளிலும் இயங்குவதையே தன் நோக்கமாகக் கொண்டது. வாக்ஸ், அமிகா, பழைய மேக்கின்டாஷ் என்று மற்றவர்கள் பெரும்பாலும் கைவிட்ட எந்திரங்களுக்கும் அது புதிய பதிப்புகளைத் தந்துவந்தது. பின்லாந்தின் வில்லே துர்யன்மா முழுவதும் அசெம்பிளி மொழியில் எழுதிய மெனுவெட்ஓஎஸ்ஸிலிருந்து 2004இல் பிரிந்த கொலிப்ரிஓஎஸ், வரைகலைத் திரை, கோப்பு மேலாளர், விளையாட்டுகள் ஆகியவற்றோடு ஒரே ஃபிளாப்பியில் அடங்கி, 8 மெகாபைட் நினைவகத்தில் இயங்குகிறது. கைவிடப்பட்ட பிஓஎஸ் இயங்குதளத்தை மீண்டும் எழுத 2001இல் தொடங்கிய ஹைக்கூ, 2018இல் முதல் பீட்டா பதிப்பை எட்டியது. இவை வேகத்தில் சிறந்தவை. வன்பொருள் இயக்கிகளும் பயன்பாட்டு மென்பொருள்களும் குறைவாக இருப்பதே அவற்றின் பரவலுக்குத் தடை.

ஆதரவு முடிவுகளும் மின்கழிவும்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தபோது, இலகுரக லினக்ஸைத் தேடியவர்களின் கூட்டம் பெருகியது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியின் ஆபத்தை 2017 மே மாதம் பரவிய வான்னகிரை என்ற தீநிரல் காட்டியது. ஆதரவு முடிந்துவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 அதே நிலையை அடைந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இதனால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. இவற்றில் பல 4 முதல் 8 ஜிகாபைட் நினைவகம் கொண்டவை. டேம் ஸ்மால் லினக்ஸுக்குப் போதுமாயிருந்த 16 மெகாபைட் கணினியைவிட நூறு மடங்குக்கும் மேல் நினைவகம் உடையவை. கூகுள் நிறுவனம் நெவர்வேரை வாங்கி, அதன் கிளவுட்ரெடி மென்பொருளிலிருந்து உருவாக்கிய குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸை 2022இல் இத்தகைய கணினிகளுக்காகவே வெளியிட்டது.

ஒரு கணினியின் ஆயுளை நீட்டுவதில் பணச் சேமிப்புக்கு அப்பாலும் பொருள் உண்டு. மேசைக் கணினி ஒன்றையும் அதன் திரையையும் உற்பத்தி செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாவதாக ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. உருக்கி மறுசுழற்சி செய்வதைவிட, கணினியை மேம்படுத்தியோ கைமாற்றியோ தொடர்ந்து பயன்படுத்துவது பல மடங்கு ஆற்றலை மிச்சப்படுத்துகிறது என்பதும் அதன் முடிவு. 2022இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது கால்பங்குக்கும் குறைவு. பழைய கணினியைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கு ஒரு வரம்பும் உண்டு. பிற்கால பென்டியம் 4 செயலிகளில் சிலவற்றின் வெப்ப அளவு மட்டுமே 115 வாட். சில வாட்டில் இயங்கும் சிறு கணினி செய்யும் வேலைக்கு அவற்றை நாள் முழுதும் ஓடவிடுவது மின்சாரத்தை வீணாக்கும்.

வயதுக்கேற்ற தேர்வு

கணினியின் வயதுக்கும் பொருத்தமான இயங்குதளத்துக்கும் உள்ள உறவை இந்த வரலாறு ஓரளவு வரையறுத்துத் தருகிறது. 386, 486 கணினிகளுக்கு ஃப்ரீடாஸ், பழைய ஃபிளாப்பி லினக்ஸ்கள் ஆகியவை பொருந்தும். எழுதுதல், கணக்கு, பழைய விளையாட்டு, எந்திரக் கட்டுப்பாடு ஆகியவை அவற்றின் எல்லை. முதல் பென்டியம் முதல் பென்டியம் 3 வரையிலானவை, நினைவகம் 64 முதல் 256 மெகாபைட் இருந்தால், டைனி கோர், கொலிப்ரிஓஎஸ், பழைய பப்பிப் பதிப்புகள் ஆகியவற்றால் பயன்படும்; இன்றைய வலைத்தளங்களுக்கு அவை உதவா. பென்டியம் 4, பென்டியம் எம் கணினிகளில் 512 மெகாபைட் முதல் 1 ஜிகாபைட் வரை இருந்தால், ஆன்டிஎக்ஸ், பப்பி ஆகியவற்றின் 32 பிட் பதிப்புகள் ஏற்றவை. 64 பிட் செயலியும் 2 ஜிகாபைட் நினைவகமும் உள்ள கணினி, எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்டிஈயின் வழிவந்த எல்எக்ஸ்க்யூடி திரை கொண்ட எந்த வழங்கலையும் தாங்கும். 4 ஜிகாபைட்டும் திடநிலை வட்டும் இருந்தால் ஏறத்தாழ எல்லா லினக்ஸ்களும் இயங்கும்.

நிறுவுவதற்கு முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்வது வழக்கம்: நினைவகத்தின் அளவு, செயலி 64 பிட், பிஏஇ, எஸ்எஸ்இ2 ஆகியவற்றில் எதை அறியும் என்பது, கணினியின் பயாஸ் ஃபிளாப்பி, குறுவட்டு, யுஎஸ்பி ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்கும் என்பது. இவற்றுக்கு விடை தெரிந்தால் பெரும்பாலான வழங்கல்கள் தாமே விலகி, இரண்டோ மூன்றோ எஞ்சும். அவற்றை நேரடி வட்டாக இயக்கி, திரை, ஒலி, வலைத்தொடர்பு மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தபின் வன்தட்டில் நிறுவுவதே நாப்பிக்ஸ் காலம்தொட்டுப் பின்பற்றப்படும் முறை.